இரண்டு பார்பிக்யூ

1

என் மகள் நித்யாவுக்குப் பதிமூன்று வயது. போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். குடும்ப மரம் வரைய வேண்டுமாம். வீட்டில் ஆளுக்கொரு கட்டம். கட்டத்துக்குள் பெயர், பிறந்த ஊர், பார்த்த வேலை. இந்த நாட்டில் மூச்சு விடுவதற்கும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த வயசிலேயே பழக்கிவிடுகிறார்கள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். என் அப்பாவின் கட்டம் வந்தது. பெயர்? பொன்னுசாமி. ஊர்? ஏற்காட்டு மலையில் வாழவந்தி. அதை எழுத்துக்கூட்டிச் சொல்லி முடிக்கவே நேரம் பிடித்தது. அமெரிக்காவில், இந்த ஆரிகன் மாநிலத்தில் பிறந்த பிள்ளைக்கு ழகரம் எங்கிருந்து வரும்? கடைசியில் வேலை என்ன என்று கேட்டாள். நான் யோசிக்காமல், "பார்பிக்யூவில் இருந்தார்" என்று சொல்லிவிட்டேன்.

பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். "தாத்தாவும் பார்பிக்யூவா டாடி? அப்ப இது நம்ம குடும்பத் தொழிலா?" என்று அவளுடைய ஆங்கிலத்தில் கேட்டாள். நான் திருத்துவதற்குள் அம்மாவிடம் சொல்ல ஓடிவிட்டாள். மறுநாள் வகுப்பில் எழுந்து வாசித்திருக்கிறாள். கைதட்டினார்களாம். தாளில் டீச்சர் ஒரு நட்சத்திரம் ஒட்டி அனுப்பியிருந்தார். கட்டத்துக்குப் பக்கத்தில் நித்யா தாத்தாவின் படமும் வரைந்திருந்தாள்: தலையில் சமையற்காரர்கள் வைக்கும் உயரமான வெள்ளைத் தொப்பி, கையில் இடுக்கி, எதிரே புகைகிற அடுப்பு.

நான் இன்னும் திருத்தவில்லை. திருத்தினால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். அதைக் கேட்கிற அளவுக்கு அவளிடம் தமிழ் இல்லை; சொல்கிற அளவுக்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. நாளைக்கு அப்பாவுக்கு மூன்றாம் வருஷத் திதி. யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

2

காப்பி எஸ்டேட்டில் பார்பிக்யூ என்றால் கொட்டை காயவைக்கிற சிமெண்டுக் களம். மலையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை; கீழே சேலத்தில் இருக்கிறவர்களுக்கே தெரியாது என்பதால் சொல்கிறேன். துரைமார் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட சொல். ஏன் அந்தப் பெயர் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. வேலை செய்கிறவர்கள் வாயில் அது பாப்பிக்கி.

பழத்தின் தோலை உரித்து, ஊறவைத்து, கழுவிய கொட்டையை அங்கேதான் பரப்புவார்கள். பலகை பூட்டிய நீளக் கோலால் மணிக்கொரு தடவை கிளறிவிட வேண்டும். பனி இறங்குவதற்குள் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். ஏற்காட்டுப் பனிக்கு நேரம் காலம் தெரியாது. மத்தியானம் மூன்று மணிக்கே வந்து மேலே விழும். காய்ந்த கொட்டை திரும்ப நனைந்தால் பூசண வாடை அடித்துவிடும். அப்புறம் அதை யாரும் வாங்கமாட்டார்கள்.

கொட்டச்சேட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் அப்பா இருபத்தைந்து வருஷம் அந்தக் களத்தில் நின்றார். செருப்போடு ஏறக் கூடாது. சூடு ஏறிய சிமெண்டில் நின்று நின்று அவருடைய குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம், தை மாதத்தில் ஒருநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். தூக்குப்போசியைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் சேர்வராயன் கோயில் பக்கமிருந்து மழை கறுத்துக்கொண்டு வந்தது. களம் நிறையக் கொட்டை. எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். எனக்குச் சும்மா நிற்க மனசில்லை. கிடந்த கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு நானும் களத்தில் ஏறினேன். அப்பா கையிலிருந்த தார்ப்பாயைப் போட்டுவிட்டு நேராக வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"எறங்குடா கீழ! பாப்பிக்கில கால் வெச்சீன்னா கால ஒடிச்சுப்போடுவேன்!"

அந்த இடைவெளியில் அவர் பக்கத்துக் குவியல் நனைந்துவிட்டது. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் குடையோடு வந்து நின்றார். "ஏய்யா பொன்னுசாமி, பையன அடிக்கற நேரமாய்யா இது? தொரைக்கு நீ பதில் சொல்லுவியா, நான் சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தவர் மழை விடும்வரை விடவில்லை. அப்பா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "தப்புதானுங்க, தப்புதானுங்க" என்று நனைந்தபடியே நின்றார். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு நடந்து போகும்போது அப்பா என் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

"நான் நின்னதோட போகட்டும் சாமி. நீயும் வந்து பாப்பிக்கில நின்னீன்னா, நான் இத்தன வருசம் நின்னதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும்."

3

சேலத்தில் தங்கி மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தேன். கல்யாணம் ஆனது. மனைவி செல்வி நர்ஸ். எழுபத்தொன்பதில் அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டு நானும் வந்து சேர்ந்தேன். அப்பா ஊரில் சொன்ன கணக்கு வேறு: எம் பையன் எஞ்சினியரு, அமெரிக்காக்காரன் கூப்பிட்டுட்டுப் போயிட்டான்.

வந்த முதல் வருஷம் பக்கத்து வீட்டுக்காரர், "சனிக்கிழமை எங்கள் தோட்டத்தில் பார்பிக்யூ, நீங்களும் வாருங்கள்" என்றார். நல்ல மனிதர், ஏதோ காயவைக்கிறார், ஒத்தாசைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். வெயில் ஏறும் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும் அல்லவா? பழைய பேண்டைப் போட்டுக்கொண்டு, துண்டும் எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினேன். தூக்கக் கலக்கத்தோடு வந்து திறந்தார். சாயந்திரம் விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். செல்வி ஒரு வாரம் சிரித்தாள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

டிப்ளமாவுக்கு இங்கே மதிப்புக் கேட்டு எழுதினேன். பாடத்திட்டம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். முத்திரை இல்லை என்றார்கள். முத்திரை வாங்கி அனுப்பினால் உறை பிரிந்திருக்கிறது என்றார்கள். மூன்று வருஷம் கழித்து, மதிப்பிட இயலவில்லை என்று ஒரு வரி வந்தது. அதற்குள் நான் மரம் அறுக்கும் மில்லில் பலகை அடுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு அந்த மில்லையும் மூடினார்கள்.

பெயரும் கையைவிட்டுப் போயிற்று. நமக்கு இனிஷியல்தான், இவர்கள் தாளிலோ குடும்பப் பெயர் என்று தனியாக ஒரு கட்டம். அதில் அப்பாவின் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து மாதேஸ்வரன் என்கிற என் பெயரைக் காணோம். எல்லா இடத்திலும் மிஸ்டர் பொன்னுசாமி. அதுவும் நீளம் என்று இப்போது வேலை பார்க்கிற கடையின் முதலாளி 'சாமி' என்று சுருக்கிவிட்டார். எங்கள் பக்கம் பெற்றவர்கள் பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிடுகிற சொல். இங்கே அந்தச் சொல்லால் கூப்பிட்டுச் சாம்பல் அள்ளச் சொல்கிறார்கள்.

4

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வைத்து இறைச்சி சுடுகிற அடுப்புகளை விற்கும் கடை. கரியடுப்பு, கேஸ் அடுப்பெல்லாம் பழசு. சில வருஷங்களாகக் குச்சியடுப்பு ஒன்று வந்திருக்கிறது. மில்லில் மிஞ்சுகிற மரத்தூளை உலர்த்தி, துளை போட்ட இரும்பு வழியாக அழுத்தித் தள்ளினால் பென்சில் கனத்தில் துண்டுக் குச்சிகளாக வந்து விழும். பசை எதுவும் சேர்ப்பதில்லை. அழுத்துகிற சூட்டில் மரத்துக்குள் இருப்பதே இளகிப் பிடித்துக்கொள்கிறது. முதலில் மூட்டையைப் பிரித்துப் பார்த்தபோது மாட்டுத்தீவனம் என்றுதான் நினைத்தேன்.

அடுப்பின் பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் குச்சியைக் கொட்டிக் கரண்டைப் போட்டால், அடியில் இருக்கிற நீளத் திருகு சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியை நடுவிலுள்ள இரும்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். கிண்ணத்துக்குள் ஒரு கம்பி பழுத்துத் தீ மூட்டிவிடும். சின்னக் காற்றாடி ஊதிக்கொண்டே இருக்கும். தீக்கு மேலே ஒரு தகடு. நெருப்பு கறியைத் தொடாது, சூடும் புகையும் மட்டும் சுற்றி வரும். கொழுப்பு தகட்டில் வழிந்து வெளியே தொங்குகிற வாளியில் சொட்டும். குமிழில் மூன்று நிலை. 'புகை' என்பதில் வைத்தால் திருகு கொஞ்சம் சுற்றி நிறைய ஓய்வெடுக்கும்; குச்சி கொழுந்துவிடாமல் கனிந்து புகையும். பன்றியின் தோள்கறியைக் காலையில் வைத்தால் சாயந்திரம் எலும்பு தானாகக் கழன்று வரும். புகை மெல்லிசாக நீலமாக வர வேண்டும். வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் கறி கசக்கும். இவ்வளவும் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஆனால் முதல் வாரமே மானத்தை வாங்கிக்கொண்டேன். கடை மூடுகிற நேரம், அடுப்பை அணைக்கச் சொன்னார்கள். ஊரில் எப்படி அணைப்போம்? ஒரு சொம்பு தண்ணீரைத் தெளித்தேன். இந்த அடுப்பைக் காற்றாடி ஓட ஓட, கிண்ணத்தில் இருப்பது எரிந்து தீரும்வரை விட்டுத்தான் அணைக்க வேண்டும். வெறுமனே கரண்டைப் பிடுங்கினாலும் ஆபத்து. தீ திருகு வழியே பின்னால் நடந்து பெட்டிக்குப் போய்விடும். நான் தெளித்த தண்ணீரில் குச்சிகள் ஊறி, உப்பி, மறுபடியும் மரத்தூளாகித் திருகைச் சுற்றிக் கல்லாக இறுகிவிட்டன. மறுநாள் முழுக்க உளியால் குடைந்தேன். "உங்கள் ஊரில் நெருப்பே கிடையாதா, சாமி?" என்று முதலாளி கேட்டார்.

சனிக்கிழமைகளில் வாடிக்கையாளர்களுக்குச் சமைத்துக் காட்டுவார்கள். பேசிச் சமைப்பதற்குத் தொப்பி வைத்த ஓர் ஆள் வருவார். என் வேலை வேறு. மூட்டை தூக்குவது, கிண்ணத்துச் சாம்பலை அள்ளுவது, கறி வைக்கிற கம்பிகளில் ஒட்டிய கொழுப்பைச் சுரண்டுவது. அடுப்புகள் கடைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில், திறந்த வெளியில் நிற்கும். குச்சிக்கு ஈரம் ஆகாது. இந்த ஊர் மழையோ சொல்லிவிட்டு வருவதில்லை. வானம் கறுத்தால் தார்ப்பாயோடு ஓடுகிற ஆள் நான்தான்.

வேலை கிடைத்ததும் ஊருக்கு எழுதினேன். 'அப்பாவுக்கு, நலம். இங்கே ஒரு பார்பிக்யூ கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. பகலெல்லாம் வெளியில் நிற்கிற வேலைதான், பரவாயில்லை.' எழுதி, மடித்து, தபாலில் போட்டுவிட்டு வந்தேன். ஒன்றும் உறைக்கவில்லை. ஏழு மணிக்குப் போய்க் கதவைத் தட்டியவனுக்கு, எட்டு வருஷத்தில் அந்தச் சொல்லின் பழைய அர்த்தம் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அப்பா இருபத்தைந்து வருஷம் வெறுங்காலோடு நின்ற இடத்தின் பெயரை நான் மறந்தேன். இதற்கு மன்னிப்பு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

5

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் தங்கை மல்லிகாதான் படித்துக் காட்டி, பதிலும் எழுதுவாள். கடைசிப் பத்தி எப்போதும் 'அப்பா சொல்வது' என்று தொடங்கும். குளிரில் காதைக் கட்டிக்கொள், மருமகளிடம் கோபப்படாதே, இப்படி. அந்தக் கடிதத்துக்குப் பிறகு 'அப்பா சொல்வது' வரவில்லை. நான் கேட்டு எழுதினேன். அப்பா சுகம் என்று மட்டும் பதில் வந்தது. நித்யாவின் போட்டோ அனுப்பினேன். பேச்சில்லை. ஊருக்கு வராத கோபம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் டிக்கெட் வாங்க முடியவில்லை, அடுத்த வருஷம் லீவு இல்லை, அதற்கடுத்த வருஷம் வேறு ஏதோ. ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் எஸ்.டி.டி. பூத் வந்த பிறகு ஒருநாள் மல்லிகா கூப்பிட்டாள்.

"அண்ணா, அப்பாவுக்கு நெஞ்சு நொம்ப மோசமா இருக்குதுங்க. சேலத்து ஆஸ்பத்திரில வெச்சிருந்தம். ஊட்டுக்கே கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க."

"நான் வரேன். அப்பாவுக்கு எம்மேல என்ன கோவம் மல்லிகா? இப்பவாச்சும் சொல்லு."

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கறாருங்க. நீங்க பாப்பிக்கில நிக்கறன்னு எழுதுனீங்கல்ல, அதுதான். அந்தக் காயிதத்த ரெண்டு தடவ படிக்கச் சொன்னாரு. அத்தன தூரம் போயும் எம் பையன் கொட்டையக் கெளறிட்டா நிக்கறான்னு கேட்டாரு. அன்னிக்குச் சோறே திங்கலீங்க. அதுக்கப்பறம் ஆராச்சும் உங்களப் பத்திக் கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்தேன். மல்லிகா அந்தப் பக்கம் "அண்ணா? அண்ணா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஒரே ஒரு சொல். பார்பிக்யூ என்பதற்குப் பதில் அடுப்புக்கடை என்று எழுதியிருந்தால் போதும்.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். பாஸ்போர்ட் காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். ஒரு தாளில் பி. மாதேஸ்வரன், இன்னொரு தாளில் மாதேஸ்வரன் பொன்னுசாமி என்று இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பத்திரம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதி அனுப்பிவிட்டுத் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வரவில்லை. கடைசியில் மல்லிகாவிடம், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பாவை எப்படியாவது பூத்துக்குக் கூட்டிக்கொண்டு வா, நான் கூப்பிடுகிறேன் என்றேன். அந்த நெஞ்சோடு அவரை வாழவந்தியிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள்.

6

இங்கே அப்போது சனிக்கிழமை சாயந்திரம். கடையிலிருந்து வந்து உடுப்புக்கூட மாற்றவில்லை. செல்வி பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, நானுங்க, மாதேசு."

மூச்சு இழுப்பது மட்டும் கேட்டது.

"நீங்க நெனைக்கற பாப்பிக்கி இல்லீங்கப்பா இது. இந்த ஊருல பாப்பிக்கின்னா கறி சுடற அடுப்புங்க."

"அடுப்பா?"

ஐந்து வருஷத்தில் அப்பாவின் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொல் அது. வேகவேகமாகச் சொன்னேன். பெட்டி, திருகு, கிண்ணம், காற்றாடி என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"வெறகு போடறதில்லையா?"

"இல்லீங்க. மரத்தூள அமுக்கிக் குச்சியாக்கிப் போடறது."

"தூளு குப்புனு புடிச்சுக்காதா?"

"கெட்டியா அமுக்கியிருப்பாங்க. மெசினு கொஞ்சங்கொஞ்சமாத் தள்ளி உடும்."

"ஆரு ஊதறது?"

"காத்தாடி இருக்குதுங்கப்பா. ஊத வேண்டாம், கெளற வேண்டாம். கறிய வெச்சு மூடிட்டு ஊட்டுக்குள்ள போயிறலாம். பக்கத்துல ஆளே நிக்க வேண்டியதில்ல."

அப்பா இருமினார். நீண்ட இருமல். தண்ணீர் குடிங்க என்று மல்லிகா சொல்வது கேட்டது. பிறகு நிதானமாகக் கேட்டார்.

"செரி கண்ணு. ஆளே நிக்க வேண்டாம்ங்கற. அப்ப உன்னைய எதுக்கு அங்க வெச்சிருக்கறாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. குத்தலாகவும் கேட்கவில்லை. வேலை தெரிந்த மனிதர், புரியாத இடத்தில் கேட்டார், அவ்வளவுதான். அன்று மத்தியானம்கூட மழைக்கு ஓடி ஓடித் தார்ப்பாய் போட்டிருந்தேன். சட்டை இன்னும் ஈரம். கைநகத்துக்குள் சாம்பலும் கொழுப்பும். அவருக்குத் தெளிவுபடுத்த வேண்டும் என்று துடித்தேனே, அவர் புரிந்துகொண்டதில் என்ன தப்பு? சொல்லின் அர்த்தம்தான் வேறு. ஆள் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"நான் மேனேஜருங்கப்பா" என்றேன்.

"மேனேஜரா?"

"ஆமாங்க."

"ஆபீசுக்குள்ளயா?"

"ஆபீசுக்குள்ளதானுங்க. சேர்ல உக்காந்துதான் வேல."

"செரி சாமி. செரி, செரி. நல்லா இரு."

போனை மல்லிகாவிடம் கொடுத்துவிட்டார். செல்வி என் முகத்தைப் பார்த்து, "உடுங்க. இந்த நேரத்துல அவருக்கு வேண்டியது நிம்மதிதானுங்களே" என்றாள்.

பதினோராம் நாள் அப்பா போய்விட்டார். பாஸ்போர்ட் அதற்கடுத்த வாரம் வந்தது. மல்லிகா காரியமெல்லாம் முடித்துவிட்டு ஒரு நீளக் கடிதம் எழுதியிருந்தாள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, அன்றைக்கு பூத்திலிருந்து திரும்பியதைப் பற்றி எழுதியிருந்தாள். பஸ்ஸில் ஏறியதிலிருந்து அப்பா வாய் ஓயவில்லையாம். கண்டக்டரிடம், பக்கத்து சீட்டுக்காரரிடம், முறத்தோடு ஏறிய பொம்பளையிடம், எல்லோரிடமும் சொன்னாராம்: "எம் பையன் மேனேஜருங்க. நாந்தான் கூறுகெட்டுப்போயி, அஞ்சு வருசம் அவங்கூடப் பேசாம இருந்துபோட்டேன்." சொல்லும்போது அழுதாராம்.

அந்தக் கடிதத்தை நான் ஒருமுறைதான் படித்தேன். அப்பா எந்தத் தப்பும் செய்யவில்லை. ஐந்து வருஷம் யாரோடு பேசாமல் இருந்தாரோ, அந்த ஆள்தான் நான். கடைசியில் மனசு ஆறி அவர் பேசியது ஆபீசுக்குள் சேரில் உட்கார்ந்திருந்த ஒரு மேனேஜரோடு. என்னோடு அவர் பேசவே இல்லை.